ஓவிய அறைக்கு எந்தத் தரை?

கேள்வி: வீட்டு மாடியில் 12க்கு 10 அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, அதை ஓவிய அறையாக்கப் போகிறேன். ஆயில், அக்ரிலிக் இரண்டும் வரைவேன். சனி, ஞாயிறுகளில் எட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வருவார்கள். அப்பா காலத்துச் சிமெண்ட் தரை, அங்கங்கே விரிசல். கணவர் மர டிசைன் லேமினேட் போடலாம் என்கிறார், எனக்கு ஆத்தங்குடிக் கல் மேல் ஆசை. செலவு கையைக் கடிக்கக் கூடாது, அடிக்கடி மாற்றவும் முடியாது. எதைப் போடலாம்?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: சகோதரி, இரண்டுமே இந்த அறைக்கு வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் நிறக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள், அதனால் அதற்கு உறிஞ்சும் குணம் உண்டு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மெருகேறுகிறதே, அதே குணம்தான் நீலச் சாயம் ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். கூடத்துக்குப் போடுங்கள், அழகாக இருக்கும். லேமினேட்டுக்கு அடியில் இருப்பது அழுத்திய மரத்தூள் பலகை. பிரஷ் கழுவுகிற டப்பா ஒரு தடவை கவிழ்ந்து தண்ணீர் இணைப்புக்குள் இறங்கினால் ஓரம் உப்பிவிடும், உப்பியது பிறகு இறங்காது.

நான் சொல்வது மேட் பினிஷ் விட்ரிஃபைட் டைல்ஸ், 2க்கு 2 அடி. இது தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். காய்ந்த அக்ரிலிக் மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்து, புட்டி பிளேடால் நெம்பினால் தோல் மாதிரி உரிந்து வரும். ஆயில் என்றால் காய்வதற்குள் டர்பென்டைன் தொட்ட துணியால் துடைத்தால் போதும். (ஆயில் நிறங்களில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் போட்டு வையுங்கள்.) மேட் என்று கேட்டால் சில கடைகளில் குளியலறைக்குப் போடுகிற சொரசொரப்பு டைல்ஸை எடுத்துக் காட்டுவார்கள், அதில் கரித்தூள் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. கடையில் ஒரு சாம்பிள் துண்டு வாங்கி வந்து, நீங்கள் அன்றாடம் பயன்படுத்துகிற நிறங்களில் ஒவ்வொரு சொட்டு வைத்து, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் துடைத்துப் பாருங்கள். எந்த விற்பனையாளரின் பேச்சையும்விட அந்தத் துண்டு உண்மையைச் சொல்லும்.

டைல்ஸைவிட முக்கியம் ஜாயின்ட். என் அறைக்கு நல்ல டைல்ஸாகத்தான் எடுத்தேன். கொத்தனார் வழக்கம்போல வெள்ளை சிமெண்ட்டைக் குழைத்துத் தேய்த்துவிட்டுப் போனார், நானும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது மாதம் ஒரு பையன் கையிலிருந்து சிவப்பு மை பாட்டில் உருண்டது. டைல்ஸ் மேல் இருந்ததை ஒரே துடைப்பில் எடுத்துவிட்டேன், ஆனால் ஜாயின்ட் வழியாக ஓடிய மை நான்கு டைல்ஸைச் சுற்றிக் கட்டம் போட்ட மாதிரி இன்றைக்கும் இருக்கிறது. பல் தேய்க்கிற பிரஷை வைத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தும் போகவில்லை. அதனால் ஜாயின்ட்டை அடைக்க எபாக்சி கிரவுட் (கறையை உறிஞ்சாத பிசின் கலவை) வாங்கிக் கொடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் 2 அடி டைல்ஸில் ஜாயின்ட் குறைவு, 120 சதுர அடிக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும். போட்ட கையோடு ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாக வேண்டும், விட்டால் டைல்ஸ் மேல் புகை படிந்த மாதிரி இறுகிவிடும். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறத்தை ஹாலுக்குப் பார்க்கிற மாதிரி பார்க்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டுத்தான் கேன்வாஸுக்கு வருகிறது. சிவப்புத் தரை என்றால் அந்தச் சிவப்பு உங்கள் வெள்ளையிலும் நீலத்திலும் ஏறும், படத்தை வெளியே கொண்டு போனதும் நிறம் வேறாகத் தெரியும். நடுத்தரச் சாம்பல் நிறம் எடுங்கள், கிரவுட்டும் அதே நிறத்தில்.

இப்போது செலவு. 120 சதுர அடிக்கு 30 டைல்ஸ், வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 33. பெட்டிக்கு 4 வீதம் வந்தால் 9 பெட்டி எடுக்க வேண்டும். மிஞ்சுகிற மூன்றைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒன்று உடைந்தால் அதே ஷேடு கிடைக்காது. உங்களுக்குத் தேவை கொஞ்சம் என்பதால், பெரிய ஆர்டரில் மிஞ்சிய லாட் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். நல்ல சரக்கே குறைந்த விலைக்கு வரும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் நின்று பாருங்கள்.

பழைய தரையை முழுக்க உடைக்க வேண்டாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கிற இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் பூசச் சொல்லி, அதன்மேல் டைல் அடெசிவ் போட்டு ஒட்டலாம். ஆனால் விரிசல் வருஷா வருஷம் அகலமாகிறது என்றால் முதலில் ஒரு இன்ஜினீயரிடம் காட்டுங்கள். தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைல்ஸ் மேல் மணிக்கணக்காக நின்றால் குதிகால் வலிக்கும், கேன்வாஸ் வைக்கிற ஈசல் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு ரப்பர் மேட் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. தரையில் கறை பட்டால் அட்வான்ஸில் பிடிப்பார்கள். என்ன விரிக்கலாம்?
- வாசகர், சென்னை

பதில்: வாட்டர்கலர், அக்ரிலிக் மட்டும் என்றால் வினைல் ஷீட் வாங்கி, ஒட்டாமல் சும்மா விரியுங்கள், ஓரத்தை மேசைக் கால்கள் பிடித்துக்கொள்ளும். ஆயில் வரைபவர் என்றால் அதில் பணம் போடாதீர்கள், தின்னர் சிந்தினால் வினைல் இளகி வடு விழுந்துவிடும். பழைய பிளெக்ஸ் பேனர் இரண்டை வாங்கி, வெறும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி விரித்து, பாழானதும் மாற்றிவிடலாம். ஈரமானால் வழுக்கும், டப்பா கவிழ்ந்தால் உடனே துடைத்துவிடுங்கள்.