நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு கற்பிக்க, கையால் செய்து பார்க்கும் எண் புதிர்கள் உண்மையிலேயே உதவுமா? எவற்றைப் பயன்படுத்தலாம்?

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். உதவும், ஆனால் புதிருக்கு விடை கிடைத்தவுடன் பொருள்களை எடுத்து மூட்டை கட்டிவிட்டால் உதவாது. விடை ஏன் அப்படி வந்தது, வேறு விதமாக ஏன் வர முடியாது என்ற கேள்வி மாணவனிடமிருந்தே எழும் வரை பொருள் அவன் கையில் இருக்க வேண்டும்.

இதை எனக்குப் புரிய வைத்தது என் தவறு ஒன்றுதான். ஒன்பது சிறிய ஓலைக் கொட்டான்களில் முறையே 1 முதல் 9 வரை புளியங்கொட்டைகளை இட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் ஒன்பது கட்டங்கள் வரைந்து, எந்தப் பக்கம் கூட்டினாலும், மூலைவிட்டமாகக் கூட்டினாலும், ஒரே தொகை வரும்படி கொட்டான்களை வைக்கச் சொல்லியிருந்தேன். அந்தத் தொகை 15 என்று நான் சொல்லவில்லை. மூன்று குழுக்கள் எப்படியோ முடித்துவிட்டன. நான்காவது குழு பாடவேளையில் பாதி கழிந்தும் கொட்டான்களை நகர்த்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் குழுவிலிருந்த மாணவி ஒருத்தி எல்லாக் கொட்டான்களையும் தரையில் கவிழ்த்து, கொட்டைகளை மூன்று குவியலாகப் பங்கிட்டுப் பார்த்துவிட்டு, “சார், இதுல 43 தான் இருக்கு, மூணு வரிசைக்கும் சமமாவே வராது” என்றாள். வீட்டில் வறுத்து வைத்திருந்த கொட்டைகளையும் கலந்து கொண்டுவந்தது என் பிழை. அவளுக்கு அடுத்து அமர்ந்திருந்த பையனின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

சரியாக முடித்த மூன்று குழுக்களைவிட முடிக்க முடியாத அந்தக் குழுதான் அன்று அதிகம் கற்றது என்று இன்றும் கருதுகிறேன். மூன்று வரிசைகளும் சமம் என்றால் மொத்தம் மூன்றால் வகுபட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமலே அவள் கண்டுகொண்டாள். அங்கிருந்து, 1 முதல் 9 வரை கூட்டினால் 45, ஆகவே ஒரு வரிசைக்கு 15 என்பது ஒரு படி தூரம்தான். அடுத்து, நடுக்கட்டத்தில் எந்த எண் வரும் என்று கேட்க வேண்டும். நடுக்கட்டத்தின் வழியாக நான்கு கோடுகள் செல்கின்றன. நான்கின் தொகை 60. அந்த நான்கு கோடுகளையும் கூட்டும்போது மற்ற எட்டு எண்களும் தலா ஒரு முறையும், நடு எண் மட்டும் நான்கு முறையும் எண்ணப்படுகின்றன. அதாவது 45-உடன் நடு எண்ணின் மும்மடங்கு சேர்ந்தால் 60. எனவே நடு எண் 5 தவிர வேறெதுவும் ஆகாது. பிறகு 1-ஐ மூலையில் வைக்க முடியுமா என்று கேளுங்கள். மூலைக்கட்டம் மூன்று கோடுகளில் பங்குபெறும்; ஆனால் 1-ஐக் கொண்டு 15 ஆக்க 1, 5, 9 என்றும் 1, 6, 8 என்றும் இரண்டு வழிகளே உள்ளன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கொட்டான்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாதத்தை முழுமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விரைவாக முடிப்பவர்களுக்கு 1 முதல் 16 வரையிலான எண்களைத் தரலாம். அதில் தொகை 34. கஜுராஹோவின் பார்சுவநாதர் கோயிலில் அத்தகைய சதுரம் ஒன்று கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னால் ஆர்வம் கூடும்.

எட்டாம் வகுப்பில் இயற்கணிதப் பாடத்தைத் தொடங்கும்போது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு வசதி உண்டு: தரையே புதிர். பழைய செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் கூடத்திலும் நடுவில் பூவேலை செய்த ஆத்தங்குடிக் கல்லும், ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு வரிசைக் கரைக்கல்லும் பதித்திருப்பதைப் பார்க்கலாம். நீளத்தில் 10 கல், அகலத்தில் 10 கல் கொண்ட சதுரத் தரைக்குக் கரைக்கல் எத்தனை வேண்டும் என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் தயங்காமல் 40 என்பார்கள். அட்டையில் வெட்டிய சதுரங்களை அடுக்கச் சொன்னால் 36-இல் நின்றுவிடும். எங்கே போயிற்று அந்த நான்கு என்று அவர்களே தேடுவார்கள். மூலைக்கற்களை இரு முறை எண்ணிவிட்டோம் என்பது சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

நான் இங்கே அதிக நேரம் செலவிடுவேன். ஏனெனில் 36-ஐ ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண்ணியிருப்பார்கள். ஒருவன் மேலும் கீழும் பத்துப் பத்து, பக்கங்களில் எட்டெட்டு என்பான். ஒருத்தி ஒரு மூலையில் தொடங்கி அடுத்த மூலைக்கு முன் நின்று, நான்கு ஒன்பதுகள் என்பாள். இன்னொருவன் நாற்பதில் நான்கைக் கழித்தேன் என்பான். அரிதாக ஒருவர், மொத்தம் 100 கல்லில் உள்ளே இருக்கும் 64 பூக்கல்லைக் கழித்ததாகச் சொல்வார். பிறகு பத்துக்குப் பதிலாக எத்தனை கல் என்று தெரியாத கூடத்துக்கு எழுதச் சொல்லி, பக்கத்திலுள்ள கற்களின் எண்ணிக்கையை ‘ந’ என்று வைத்துக்கொண்டால், 2ந + 2(ந − 2), 4(ந − 1), 4ந − 4, ந² − (ந − 2)² என நான்கு கோவைகள் கரும்பலகையில் நிற்கும். நான்கும் ஒரே தரையைத்தான் எண்ணின; ஆகவே நான்கும் சமமாக இருந்தே தீர வேண்டும். அடைப்புக்குறியை நீக்குவது எதற்காக என்று அதற்குப் பிறகு எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை.

குறையெண்களுக்குத் தராசை விடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. நான்கு துணிப் பைகளில் 50, 150, 450, 1350 கிராம் மணலைக் கட்டிக்கொள்ளுங்கள். இவை 1, 3, 9, 27 என்ற கணக்கில் உள்ளன. இந்த நான்கைக் கொண்டு 50 கிராமிலிருந்து இரண்டு கிலோ வரை, ஐம்பது ஐம்பதாக, எந்த எடையையும் நிறுத்துவிடலாம் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 250 கிராம் அரிசி எப்படி நிறுப்பது? 450-ஐ ஒரு தட்டிலும், 150-ஐயும் 50-ஐயும் அரிசியோடு மறு தட்டிலும் வைக்க வேண்டும். பண்டத்தின் பக்கம் வைக்கும் கல் கழிபடும் என்பது கண் முன்னே நிகழ்கிறது. 9 − 3 − 1 = 5 என்று எழுதும்போது, கழித்தல் குறி மறு தட்டுக்குரிய அடையாளமாகிவிடுகிறது. மின்னணுத் தராசு வந்த பிறகு இரட்டைத் தட்டுத் தராசு கிடைப்பது அரிது; பழைய மளிகைக் கடையில் கேட்டால் பரணிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

பின்னத்துக்கு நம் முன்னோர் பயன்படுத்திய பெயர்களே நல்ல புதிர். வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்ட தலைமுறை வாழ்ந்த ஊர்கள் இவை. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் மா, காணி என்ற சொற்கள் இன்னும் சிலரது வாயில் வரும். மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. 80 புளியங்கொட்டைகளை ‘ஒன்று’ என்று வைத்துக்கொண்டு, கால், அரைக்கால், மா, காணி ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: 20, 10, 4, 1 என வரும். இப்போது மாகாணி எவ்வளவு? மாவும் காணியும் சேர்ந்து 5 கொட்டை. 80-இல் 5 என்பது பதினாறில் ஒரு பங்கு. 1/20 + 1/80 = 1/16 என்ற கூட்டல், பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டப் பொதுவான அளவு ஒன்று தேவை என்பதை இதைவிட எளிதாக நான் விளக்கியதில்லை. 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை போக விரும்பினால் 320 கொட்டைகள் வேண்டும். அது பொறுமையுள்ள வகுப்புக்கு மட்டும்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் புதிர்ப் பெட்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். வாங்கியிருக்கிறேன், அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவை ஒரே ஒரு விடையில் ‘டக்’ என்று பொருந்திவிடும்படி செய்யப்பட்டிருப்பதால், யோசிக்காமல் பொருத்திப் பார்த்தே முடித்துவிடுகிறார்கள். தவறான அமைப்பும் தரையில் அப்படியே கிடக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் பேச்சு தொடங்கும்.

ஒரு பாடவேளைக்கு ஒரு புதிர் போதும். ஒரு குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், ஐந்தாவது பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். புளி உடைக்கும் காலத்திலேயே நான்கைந்து வீடுகளில் சொல்லி வைத்துவிட்டால், ஆண்டு முழுவதற்கும் தேவையான கொட்டை செலவில்லாமல் கிடைத்துவிடும். வறுக்காத கொட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எண்ணிக்கொள்ளுங்கள்.