நான் என்ற அகந்தையை முழுசாக விட்டுவிடத்தான் வேண்டுமா?

"தியானம் செய்து பார்த்துவிட்டேன், புத்தகங்களும் வாசித்துவிட்டேன். ஆனாலும் கந்தோரில் யாராவது ஒரு சொல் சொன்னால் இரவு நித்திரை இல்லை. அகந்தையை அடியோடு விடுவது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடியோடு விட வேண்டும் என்ற முடிவுக்கு ஏன் இவ்வளவு கெதியாக வந்தீர்கள்?

நான் கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரக் குடும்பம். எங்கள் சைவப் பெரியவர்கள் இந்த விஷயத்தில் ஆசை காட்டுவதில்லை. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு கூடவே இருப்பது. முத்தி அடைந்த உயிரிலும் அது அழியாது, அதன் வலிமை மட்டும்தான் கெடும் என்பது சைவ சித்தாந்தம். முத்தர்களுக்கே அப்படியென்றால், நீங்கள் கந்தோர் விட்டு வந்து அரை மணித்தியாலம் கண்ணை மூடியிருந்து ஒழிக்கப் பார்க்கிறீர்கள். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்ட் 1923இல் எழுதியதும் வேறு வழியால் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நிற்கிறது. ஆசை ஒரு பக்கம் இழுக்க, மனச்சாட்சி மறுபக்கம் ஏச, வெளியுலகத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு நடுவில் நிற்கிற ஆள்தான் அவருடைய 'நான்'. அந்த ஆளை வேலையால் நிறுத்தினால் வீடு நடக்காது.

'நான்' இல்லாமல் போனவர்களை 2009இல் கண்ணால் கண்டோம். போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளத்துக் கூடார முகாம்களில் ஒரு ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் இருந்தார். ஊரில் அவர் சைக்கிளில் வந்தால் பெடியள் இறங்கி நிற்பார்கள். அங்கே வாளியோடு தண்ணி வரிசையில் நின்றார். யாரும் தள்ளிவிட்டு முன்னுக்குப் போனாலும் பேசாமல் நின்றார். பார்த்தவர்களுக்கு ஞானி போலத் தெரிந்திருக்கும். ஞானமில்லை அது, மனுசன் உள்ளுக்குள் செத்துப்போயிருந்தார். பிறகு ஒரு தாய், காணாமல் போன மகனைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். எழுதினார். அடுத்த நாள் அவருடைய கூடார வாசலில் ஒரு வரிசை. "எழுத்துப் பிழையோட ஒண்டும் என்ர கையால போகாது" என்று ஒரு பெடியனை அதட்டினது எங்கள் கூடாரம் வரை கேட்டது. அகந்தைதான். அம்மா சிரித்தா, கனகாலத்துக்குப் பிறகு.

மற்றப் பக்கமும் இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் தண்ணி குறைந்த வருசம் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, எல்லாக் காணியும் விதைக்க ஏலாது. எவ்வளவு ஏக்கர், எந்த வாய்க்கால் என்று கூட்டம் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் கமக்கார அமைப்புப் பெடியன் ஒருவன் கொப்பியை விரித்துக் கணக்கைச் சொல்ல, ஒரு பெரியவர் எழும்பினார். "எங்கட அப்பு காடு வெட்டின காணி. நேற்றுப் பிறந்த நீ எனக்குப் பங்கு பிரிக்கிறியோ?" காய்ச்சலோடும் யானையோடும் மாரடித்துக் காடு வெட்டினது உண்மை, அந்தப் பெருமையில் நான் குறை காணமாட்டேன். ஆனால் அவன் சொன்ன கணக்கு சரியா பிழையா என்று அவர் கேட்கவேயில்லை. சொன்னவன் யார் என்பதோடு காது அடைத்துவிட்டது. வள்ளுவர் யான், எனது என்ற இரண்டையும் ஒரே செருக்கில் கட்டியது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது.

அகந்தை போனால் ஆள் சாதுவாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி துறவுக்கு முன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாக இருந்தவர். பின்னாளில் கொழும்புத்துறைக் கொட்டிலுக்குத் தேடிப் போனவர்களில் ஏச்சு வாங்கித் திரும்பினவர்கள் கனபேர். "ஒரு பொல்லாப்புமில்லை" என்று சொன்னதும் அதே வாய்தான்.

ஆகவே உங்கள் நித்திரைக்கு வருவோம். கந்தோரில் சொன்ன அந்தச் சொல்லை எடுத்து, சொன்னவரின் முகத்தைக் கழற்றிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பொய்யென்றால் நாளைக்குப் போய் மறுத்துச் சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு அந்த 'நான்' வேண்டும். உண்மையென்றால் வேலையைத் திருத்தலாம். இரண்டும் செய்யாமல் "அவன் யார் எனக்குச் சொல்ல" என்பதிலேயே புரண்டு படுக்கிறீர்களா? அப்படியென்றால் தியானத்தைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். அந்த ஆளோடு ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைத்துப் பாருங்கள்.