கலைமானும் கலைக்கல்லூரியும்

கேள்வி: கலைமான், கலைக்கல்லூரி, வளர்பிறையின் கலை ஆகிய மூன்றிலும் இருப்பது ஒரே சொல்தானா?

பதில்: இல்லை. ஒரே வடிவில் நிற்கும் இரு வேறு சொற்கள் அவற்றில் உள்ளன: கலைமானில் ஒன்று, மற்ற இரண்டிலும் இன்னொன்று. கலைமானில் உள்ளது பழந்தமிழ்ச் சொல். புல்வாய், உழை ஆகிய மானினங்களின் ஆணையும், முசு என்னும் குரங்கினத்தின் ஆணையும் 'கலை' என்று வழங்கலாம் என்கிறது தொல்காப்பிய மரபியல். குறுந்தொகையின் 69ஆம் பாடலில் இறந்துபோகும் 'கருங்கண் தாக்கலை' மான் அன்று, ஆண்குரங்கு. அதன் துணையான மந்தி, மரமேறவும் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. இங்கே மானை நினைத்துக்கொண்டு படிப்பவருக்குப் பாட்டே பிடிபடாது.

நிலவின் கலை வடமொழியின் 'கலா'. சிறு கூறு என்பது அதன் பொருள். குறிப்பாக, பதினாறில் ஒரு பங்கு. அறுபத்து நான்கு கலைகள் என்னும்போது வித்தையைக் குறிப்பதும் இச்சொல்லே. கூறு எப்படி வித்தையாயிற்று என்பதற்கு, அறிவின் ஒவ்வொரு பிரிவும் ஒரு கூறு என விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது பிற்பாடு பொருத்திய விளக்கமாகவே படுகிறது.

கலைக்கல்லூரியில் ஓவியமோ நடனமோ இல்லாமல் வரலாறும் பொருளியலும் கற்பிக்கப்படுவதற்குக் காரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. இலத்தீனில் 'ஆர்ஸ்' என்றால் கைத்திறனும் கற்றறிந்த திறனும்தான். இடைக்காலப் பல்கலைக்கழகங்கள் இலக்கணம், தருக்கம், வடிவியல், வானியல், இசை உள்ளிட்ட ஏழு பாடங்களை அப்பெயரால் அழைத்தன. ஆங்கிலத்தின் 'ஆர்ட்ஸ்' அங்கிருந்து வந்தது. அதை நாம் 'கலை' என்று பெயர்த்துக்கொண்டோம். கூட்டம் கலைவது வேறொரு தமிழ் வினை. அதற்கும் இவற்றுக்கும் உறவில்லை.