வாசகர் கேள்வி-பதில்: பழைய லேப்டாப்பில் ஐ7 போட்டால் கேம் வேகமாக ஓடுமா?

கேள்வி: செகண்ட்ஹேண்டில் வாங்கிய திங்க்பேட் டி430 வைத்திருக்கிறேன் சார். ஐ5-3320எம் ப்ராசஸர், ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. வாலரன்ட் கேம் ஆடினால் 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு) தாண்டுவதே கஷ்டம், நாலு பேர் ஒன்றாக வந்துவிட்டால் படம் நின்று நின்று வருகிறது. கடையில் கேட்டதற்கு, ஐ7-3632க்யூஎம் மாற்றினால் வேகம் இரட்டிப்பாகும் என்கிறார்கள். மாற்றலாமா?
(கல்லூரி மாணவர், நாமக்கல்)

பதில்: கேமுக்காக மட்டும் என்றால் மாற்றாதீர்கள். கல்லூரியில் படிக்கும்போது சேர்த்து வைத்த பணம் அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

உங்கள் லேப்டாப்பில் கேமின் படத்தை வரைவது ப்ராசஸருக்கு உள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸ். கடைக்காரர் சொல்லும் ஐ7-க்குள்ளும் அதே எச்டி 4000 தான் இருக்கிறது, படம் வரையும் கணக்கைப் போடும் அதே 16 எக்ஸிக்யூஷன் யூனிட்டுகளோடு. சொல்லப்போனால் உங்கள் ஐ5-ல் அது 1200 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், அந்த ஐ7-ல் 1150 வரைதான். ப்ராசஸர் அதிகபட்சமாக எட்டும் டர்போ வேகமும் 3.3-லிருந்து 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. கூடுவது கோர்களும் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) கேஷும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேகமான மெமரி): 2 கோர் 4 ஆகும், 3 எம்பி கேஷ் 6 எம்பி ஆகும். வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். உங்களுக்கோ, பின்னால் டிஸ்கார்டும் க்ரோமும் ஓடிக்கொண்டிருந்தால் நடுநடுவே வரும் இழுவை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். வாலரன்டுக்கு எச்டி 4000 என்பது குறைந்தபட்சத் தகுதி என்று அந்த கேமை எடுத்தவர்களே போட்டிருக்கிறார்கள், அதுவும் 30 எஃப்பிஎஸ் கணக்கில். நீங்கள் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், காசு செலவில்லாமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கேம் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை இருப்பதிலேயே குறைந்ததற்கு இறக்கிவிட்டு அதே மேப்பில் ஆடுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் இதுவரை திணறியது கிராஃபிக்ஸ். கொஞ்சமும் ஏறவில்லை என்றால் திணறுவது ப்ராசஸர், அப்போது மறுபடி எழுதுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கலாமே என்று தோன்றும், ஆனால் எச்டி 4000-ன் டிரைவர் பழசு என்பதால் அந்தப் பகுதியே உங்கள் திரையில் வராது.

சரி, அந்தப் பணத்தை எதில் போடலாம்? முதலில் இன்னொரு ரேம் ஸ்டிக்கில். எச்டி 4000-க்கு சொந்த மெமரி கிடையாது, ப்ராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே ஸ்டிக் இருந்தால் டிடிஆர்3-1600 ரேமில் நொடிக்கு 12.8 ஜிபி வரைதான் தகவல் போய்வரும், இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டு டூயல் சேனல் (இரண்டு பாதை) ஆக்கினால் 25.6 ஜிபி. பழைய லேப்டாப்பில் இவ்வளவு குறைந்த செலவில் எஃப்பிஎஸ் கூட்ட எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை. முதல் ஸ்டிக்கின் அதே அளவு, அதே வேகத்தில் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் இருக்கிறது என்றால் அடுத்தது எஸ்எஸ்டி. அது எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது, ஆனால் கேம் லோடாகும்போது காத்திருப்பது போய்விடும். அப்புறம் ஃபேனைக் கழற்றித் தூசியைத் தட்டி, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வையுங்கள், பத்து வருஷம் தாண்டிய மெஷினில் பழைய பேஸ்ட் பெரும்பாலும் காய்ந்து போயிருக்கும்.

கேள்வி: என்னுடையதில் ஐ5-8250யு. இதைக் கழற்றிவிட்டு ஐ7 போட முடியுமா?
(தஞ்சாவூர்)

பதில்: முடியாது. மாடல் எண்ணின் கடைசியில் யு என்று வந்தால் ப்ராசஸர் மதர்போர்டோடு சால்டர் ஆகியிருக்கும் (ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கும்). இன்டெல் லேப்டாப்களில் சாக்கெட்டில் பொருத்திக் கழற்றும் ப்ராசஸர் 2013-ல் வந்த நான்காம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அந்தத் தலைமுறையிலேயே எம்க்யூ என்று முடிந்தால் கழற்றலாம், எச்க்யூ என்றால் சால்டர். உங்களுக்கும் ரேம் யோசனைதான்: ஒரே ஸ்டிக் இருந்து, இன்னொரு இடம் காலியாக இருந்தால் அதை நிரப்புங்கள்.

கேள்வி: அப்படியானால் ப்ராசஸர் மாற்றுவதில் யாருக்குமே பயன் இல்லையா? என்னிடம் ஐ5-3210எம், கூடவே என்விடியா ஜிடி 650எம் தனி கார்டு இருக்கிறது. ஜிடிஏ 5 ஆடுவேன்.
(மதுரை)

பதில்: உங்களுக்குப் பயன் உண்டு, தாராளமாக யோசிக்கலாம். படம் வரையும் வேலையைத் தனி கார்டு பார்த்துக்கொள்கிறது. ஜிடிஏ 5-ல் தெரு முழுக்க ஓடும் வண்டிகள், நடக்கும் மனிதர்கள், இடிபாடு எல்லாம் ப்ராசஸர் தலையில். அந்த கேமின் குறைந்தபட்சத் தகுதியே கோர் 2 குவாட் என்ற 4 கோர் ப்ராசஸர்தான், உங்களிடம் இருப்பதோ 2 கோர். ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் ஐ7-3632க்யூஎம் போடுங்கள்.

3610க்யூஎம், 3630க்யூஎம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். அவை 45 வாட் சூடு கிளப்புகிறவை, உங்கள் ஐ5-ம் 3632-ம் 35 வாட். 35 வாட்டுக்குச் செய்த ஹீட்சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) நான் ஒருமுறை 45 வாட் ப்ராசஸரைப் பூட்டினேன். முதல் பத்து நிமிஷம் அருமையாக ஓடியது, அப்புறம் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு பழைய ஐ5-ஐவிட மோசமாக இழுத்தது. அந்த வாரமே பழையதைத் திரும்பப் போட்டேன்.

வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) அந்த ப்ராசஸரை ஏற்குமா என்று அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். 3632க்யூஎம் இரண்டு விதமாக வந்தது, அடியில் பின்கள் இருப்பதுதான் உங்கள் சாக்கெட்டில் உட்காரும், சால்டர் செய்யும் வகை உட்காராது. அதனால் செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது அடிப்பக்கத்தின் போட்டோ கேட்டு வாங்குங்கள், ஒரு பின் வளைந்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.