நூறு மைல் காட்டில் ஒரு வாரம்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறோம். செப்டம்பரில் ஒரு வாரம் லீவு போட்டு, அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையில் ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில் கூடாரம் போட்டு நடக்க ஆசை. மெய்ன் மாநிலத்தின் 'நூறு மைல் காடு' முழுவதையும் ஏழு நாளில் முடிக்க முடியுமா? வாரக் கடைசிகளில் மலையேறுவோம், ஆனால் இரண்டு ராத்திரிக்கு மேல் காட்டில் தங்கியதில்லை.

பதில்: இடம் அருமையான தேர்வு. முழுவதும் மட்டும் வேண்டாம். தெற்கு முனையான மான்சன் ஊரிலிருந்து வடக்கு முனையான அபோல் பாலம் வரை சுமார் 160 கி.மீ., அதாவது தினமும் 23 கி.மீ. நடந்தாக வேண்டும். பேப்பரில் சுலபமாகத் தெரியும். ஆனால் தெற்குப் பக்கம் பாரன், சேர்பேக் மலைகள் வேரும் பாறையுமாக ஏறி இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும், அதையும் பை கனமாக இருக்கிற முதல் நாட்களிலேயே கடக்க வேண்டும். பத்து நாள் சாப்பாடு இல்லாமல் உள்ளே போகாதீர்கள் என்று மான்சன் பக்கம் பலகையே வைத்திருக்கிறார்கள், அதை நம்புங்கள்.

நான் சொல்வது இதுதான்: கட்டாடின் அயர்ன் வொர்க்ஸ் சாலையில் இறங்கி, அங்கிருந்து வடக்கே அபோல் பாலம் வரை நடங்கள். ஏறக்குறைய 110 கி.மீ., தினமும் 16 வரும். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிளசன்ட் ஆற்றின் மேற்குக் கிளை குறுக்கே வரும், பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், வழுக்கி விழுந்தால் பையை உடனே உதறிவிடலாம். பலத்த மழை பெய்திருந்தால் தண்ணீர் வடியும்வரை கரையிலேயே காத்திருங்கள், அதற்காக ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. அடுத்து கல்ஃப் ஹேகஸ் என்ற பள்ளத்தாக்கு, வரிசையாக அருவிகள், அதற்கு அரை நாள் கண்டிப்பாக ஒதுக்குங்கள். பிறகு வொயிட் கேப் மலை, சுமார் 1,100 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் உச்சிக்குப் பக்கத்தில் வடக்கே கட்டாடின் மலை தெரியும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் சமதரை, நாமகான்டா, ரெயின்போ என்று ஏரி ஏரியாக வரும்.

ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகுக்கு முன்னால் நான் பார்ப்பது வெளியேறும் வழியைத்தான். ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் எந்தச் சாலைக்கு, எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும்? இங்கே குறுக்கே வருவது மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண் சாலைகள், பஸ் கிடையாது, செல்போன் சிக்னலை நம்ப முடியாது. நடுவில் வரும் ஜோ-மேரி சாலைதான் உங்களுக்குப் பெரிய துணை. மான்சன் அல்லது மில்லினாக்கெட்டில் உள்ள விடுதிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் கொண்டுபோய் விடுவார்கள், உங்கள் மீதிச் சாப்பாட்டை வாளியில் போட்டு ஜோ-மேரி சாலையில் வைக்கவும் செய்வார்கள், சுமக்கும் சாப்பாட்டில் ஏறக்குறைய பாதி எடை குறையும். செயற்கைக்கோள் மெசேஜ் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அப்புறம், மூவரில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகத்தில்தான் திட்டம் போட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் நல்ல மாதம். மே, ஜூனில் பிடுங்கி எடுக்கும் கருப்பு ஈக்கள் போயிருக்கும். ராத்திரி குளிரும், ஜீன்ஸும் காட்டன் பனியனும் நனைந்தால் காயாது, எடுத்துப்போக வேண்டாம். கடைசியில் கட்டாடின் உச்சியையும் சேர்க்க ஆசை வரும், ஆனால் அது இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவில் முன்பதிவு இல்லாமல் ராத்திரி தங்க முடியாது, அதை இன்னொரு லீவுக்கு வையுங்கள்.

கேள்வி: மூவரும் சைவம். என்ன எடுத்துப்போவது?

பதில்: அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பருப்புப் பொடி, வேர்க்கடலை, ஒரு சின்ன பாட்டிலில் நெய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் போதும். அரிசி வேண்டாம், வேக நேரமாகும், கேஸ் தீர்ந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், கரடி உண்டு, தள்ளி உயரமாக மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள்.