பேராசிரியரை இடைமறிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

பிபிசி ரேடியோ 4-இன் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியைக் கேட்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பூஜ்யம் பற்றி ஒன்று, ஒளிச்சேர்க்கை பற்றி ஒன்று என இரண்டு கேட்டேன். விஷயம் கனமானதுதான். ஆனால் அந்தத் தொகுப்பாளர் மெல்வின் பிராக் ஆளைப் பேசவே விடுவதில்லையே! வந்திருக்கும் மூன்று பேரும் வாழ்நாளெல்லாம் அதையே படித்தவர்கள். இவர் பாதி வாக்கியத்தில் வெட்டுகிறார். இது மரியாதையா?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

முதல் நாலைந்து கேட்டபோது எனக்கும் இதே எரிச்சல்தான். மனுஷருக்குக் காலையில் காபி கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் நிலைமையையும் பாருங்கள். ஏறக்குறைய முக்கால் மணி நேரம், மூன்று அறிஞர்கள். பல வருடங்கள் அது வியாழக்கிழமை காலை 9 மணிக்கு நேரலை. பேராசிரியர்களை உங்களுக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டால், “அதற்கு முன்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்” என்று இருநூறு வருடம் பின்னால் போய்விடுவார்கள். இழுத்து வர ஆள் வேண்டாமா? பிராக் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது வரலாறு. அறிவியல் என்றால் அவரும் நம்மைப் போலத்தான். குறிப்புகளைப் படித்துத் தயாராகி வந்தும் ஓர் இடம் புரியவில்லை என்றால், புரிந்ததுபோல் தலையாட்டாமல் நிறுத்திக் கேட்கிறார்.

இப்போது என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு வானொலியில் என் வரலாற்று நூலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேட்டி எடுத்தவர் அட்டையைப் பார்த்தார். “இந்த நூலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். நடுவில் நான்கு முறை “அருமை” என்றார். ஒலிபரப்பானபோது வீட்டில் உட்கார்ந்து கேட்டால், ஒரு போரின் வருடத்தையே தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஓர் “அருமை”. என் மனைவி குக்கரைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள். அன்று என்னை யாராவது வெட்டியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

நிகழ்ச்சி தொடங்கியது 1998 அக்டோபரில். அதே வருடம் பிராக்குக்கு தொழிற்கட்சி சார்பில் பிரபுக்கள் சபை உறுப்பினர் பதவி கிடைத்தது. அதனால் அதுவரை நடத்திவந்த வேறொரு நிகழ்ச்சியை விட வேண்டியதாயிற்று. கேட்க ஆளில்லாத நேரம் என்று பெயரெடுத்த வியாழக்கிழமை காலையை அவர் தலையில் தள்ளிவிட்டார்கள். ஆறு மாதம் தாண்டினால் பெரிது என்ற நிலை. அசோகர், உபநிடதம், கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியக் கணிதம் என்று எதையும் விடாமல் ஆயிரம் பகுதிகளைத் தாண்டி, 2025-இல்தான் அவர் விலகினார். இத்தனைக்கும் வருகிறவர்கள் புதுப் புத்தகம் விற்க வருகிறவர்கள் இல்லை. பெரும்பாலும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள்.

நீங்கள் கேட்டது வானொலியில் வந்த அளவு மட்டும் என்று தோன்றுகிறது. பிற்காலப் பகுதிகளின் பாட்காஸ்ட் வடிவத்தில், நிகழ்ச்சி முடிந்த பிறகும் மைக் ஓடிக்கொண்டிருக்கும். எதையெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்று பிராக் கேட்பார். கடிகாரத்தின் தொல்லை தீர்ந்ததும் மூவரும் சாய்ந்து உட்கார்ந்ததுபோல் பேச ஆரம்பிப்பார்கள். சற்று முன்பு வெட்டுப்பட்ட வாக்கியம்கூட அங்கே முழுசாக வரும். யாருக்கும் மனத்தாங்கல் இருப்பதாகத் தெரியாது. அப்புறம் தயாரிப்பாளர் உள்ளே வந்து, டீயா காபியா என்று கேட்பார்.

அதுவரை கேட்டுவிட்டு எழுதுங்கள்.