எதிர் நட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 100 வயதில் மறைந்தபின் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கடற்படை அதிகாரி, நீர்மூழ்கிக் கப்பலில் பணி, அணு விஞ்ஞானி, உருகிக்கொண்டிருந்த அணு உலைக்குள் தனியாளாக இறங்கி ஒரு நகரத்தையே காப்பாற்றியவர். அப்படிப்பட்டவர் அதிபராக ஏன் தோற்றார்? கட்டளையிடத் தெரிந்த ராணுவக்காரர்கள் அரசியலுக்கு வந்தால்தான் நாடு உருப்படும் என்று நம்புகிறவன் நான். என் மகன் பிளஸ் டூ முடிக்கிறான். அவனை முதலில் கடற்படை, பிறகு அரசியல் என்று கொண்டுபோக வேண்டும் என்பது அவன் பிறந்த அன்றே நான் எடுத்த முடிவு. உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பரணிலிருந்து இறக்கிய ஒரு ஸ்பேனரை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் தாய்மாமாவுடையது. அவர் கடற்படையில் இன்ஜின் ரூமில் இருந்தவர். அதிகாரி இல்லை, மெக்கானிக். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த இரும்பைக் கையில் பிடித்தபடியே உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

முதலில் அந்த அணு உலைக் கதை. இதை நீங்கள் வாட்ஸப்பில் படித்திருப்பீர்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். கார்ட்டர் அணு விஞ்ஞானி அல்ல. தனியாளாகவும் இறங்கவில்லை. 1952 டிசம்பர் 12-ஆம் தேதி கனடாவின் சாக் ரிவரில் இருந்த என்.ஆர்.எக்ஸ். என்ற ஆராய்ச்சி அணு உலையில் விபத்து நடந்தது. எரிபொருள் தண்டுகள் உருகின, அடித்தளம் முழுக்கக் கதிரியக்கம் கலந்த தண்ணீர். கார்ட்டர் அங்கே போய்ச் சேர்ந்தபோது விபத்து நடந்து முடிந்திருந்தது. மிச்சமிருந்தது பாழான உலையைப் பிரித்தெடுக்கும் வேலை. அதைக் கனடாக்காரர்களும் அமெரிக்கர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் முறைவைத்துச் செய்தார்கள். அவர்களில் ஒருவர் கார்ட்டர். 28 வயது லெப்டினன்ட், ஒரு சிறு குழுவுக்குத் தலைவர்.

உண்மையில் நடந்தது அந்தப் புளுகைவிட எவ்வளவோ பெரியது. உலைக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் மைதானம். அதில் உலையின் மாதிரி ஒன்றை அப்படியே கட்டியிருந்தார்கள். மூன்று மூன்று பேராகக் காப்புடை போட்டுக்கொண்டு அந்த மாதிரியின் மேல் ஒத்திகை பார்ப்பார்கள். எந்த போல்ட், எந்தப் பக்கம், கையில் எந்த ஸ்பேனர் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஏனென்றால் உள்ளே இருக்கக் கிடைப்பது வெறும் 90 நொடி. ஓடிப்போய், முடிந்த அளவு கழற்றிவிட்டு, ஓடி வர வேண்டும். உள்ளே கேமரா உண்டு. உண்மையான உலையில் ஒரு போல்ட் கழன்றால் மைதானத்து மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், அடுத்து வரும் மூன்று பேருக்கு எது பாக்கி என்று தெரிவதற்காக. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கார்ட்டரின் சிறுநீரில் கதிரியக்கம் இருந்தது.

நீங்கள் கேட்ட கட்டளை இதில் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. ஒரு மனிதன், ஒன்றரை நிமிடம், நாலைந்து போல்ட். அவன் விட்டதை இன்னொருவன் போய்த் தொடர்கிறான். அவ்வளவுதான்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு 11 வயதில் மாமா லீவில் வந்திருந்தார். கிணற்று மோட்டாரில் டெலிவரி பைப் இணைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நான்கு நட்டு. என் கையில் இந்த ஸ்பேனரைக் கொடுத்து "முடுக்கு" என்றார். வீரத்தைக் காட்ட வேண்டும் அல்லவா, முதல் நட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை முடுக்கினேன். மோட்டாரைப் போட்டதும் எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு முகத்தில் அடித்தது. மாமா திட்டவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து நட்டைத் தளர்த்தினார். "ஒண்ண முழுசா முடுக்கிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாதுடா. இங்க ஒரு சுத்து, அதுக்கு எதிர்ல இருக்கறதுல ஒரு சுத்து. மறுபடி இங்க. நாலும் ஒண்ணா இறங்கணும். இல்லேன்னா வாஷர் ஒரு பக்கமாப் பிதுங்கிடும்." கப்பலில் குழாய்களை இணைக்கும் ஆளுயர ஃபிளாஞ்சுக்கும் இதே முறைதான் என்றார்.

எதிர் நட்டு. அந்தச் சொல்லை அதன்பின் நான் மறக்கவே இல்லை. கார்ட்டரின் அதிபர் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும்.

1977-இல் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, வீண் செலவு என்று தனக்குப் பட்ட 20-க்கு நெருக்கமான அணை, கால்வாய்த் திட்டங்களின் நிதியை வெட்டப் போவதாக அறிவித்தார். கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஒவ்வொரு அணையும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதியில் இருந்தது. அவர்களில் பலர் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். அவர்களை முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசவில்லை. தன் பக்க நட்டைக் கடைசிவரை முடுக்கினார், எதிர்ப்பக்கம் பீறிட்டது. இரண்டு சபைகளிலும் தன் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தும் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தோடு அவருக்குச் சுமுகமே வரவில்லை. சரியான கணக்கைக் காட்டினால் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பிய பொறியாளர் அவர்.

அதே மனிதர் 1978 செப்டம்பரில், அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் நடந்த சமாதானப் பேச்சில், 13 நாட்கள் வேறொரு ஆளாக இருந்தார். எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் ஒரே அறையில் இருந்தால் சண்டைதான் வருகிறது என்று முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு பேரையும் பிரித்துவைத்து, இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்குமாகக் கார்ட்டர் நடந்தார். வரைவை எழுதி இங்கே காட்டுவார், திருத்தி அங்கே கொண்டுபோவார், மறுபடி இங்கே. கடைசி நாளில் எல்லாம் முறியும் நிலை. பெகின் தன் பேரக்குழந்தைகளுக்காகக் கையெழுத்திட்ட படங்கள் கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் எழுதி, தானே எடுத்துக்கொண்டு போனார். பெகின் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், குரல் தழுதழுத்தது. அதற்குப் பிறகுதான் பேச்சு மறுபடி நகர்ந்தது. அடுத்த வருடம் கையெழுத்தான எகிப்து–இஸ்ரேல் சமாதான உடன்படிக்கை இன்றுவரை முறியவில்லை. பாலஸ்தீனர்களுக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை, பெரிய துயரம்.

இங்கே ஒரு சுற்று, எதிரில் ஒரு சுற்று. என் மாமா அதைப் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஏன் தோற்றார் என்று கேட்டிருந்தீர்கள். விலைவாசி, பெட்ரோலுக்கு வரிசை, ஈரானில் 444 நாட்கள் அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தது, அவர்களை மீட்கப் போய்ப் பாலைவனத்தில் 8 வீரர்கள் இறந்தது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. தேர்தலில் தோற்றவரைத் தோற்றவர் என்று மூடிவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்குப் போன பிறகு அவர் நரம்புச் சிலந்தியை ஒழிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். குடிக்கும் தண்ணீர் வழியாக உடலுக்குள் போகும் ஒரு புழுவால் வருவது அது. 1986-இல் ஏறக்குறைய 35 லட்சம் பேரை வதைத்த நோய். மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கிராமம் கிராமமாக. புழு வெளியே வந்தால் ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் அறுந்துவிடும். கார்ட்டர் இறந்தபோது உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 20 பேருக்கும் குறைவாகவே அந்த நோய் வந்துகொண்டிருந்தது. கடைசிப் புழு எனக்கு முன்னால் சாக வேண்டும் என்று 2015-இல் சொன்னார். அது நடக்கவில்லை. அந்த ஒன்று எனக்கு இன்னும் மனசில் உறுத்துகிறது.

ராணுவக்காரர்கள் வந்தால் நாடு உருப்படும் என்ற உங்கள் நம்பிக்கைக்கு ஒரே பத்தி போதும். ஹோர்த்தி ஒரு அட்மிரல், அதாவது கடற்படைத் தளபதி. அவர் ஹங்கேரியை ஆண்டு ஹிட்லரோடு சேர்த்துவிட்டார். மசேரா ஒரு அட்மிரல். 1976-இல் அர்ஜென்டினாவில் ஆட்சியைப் பிடித்த மூவரில் ஒருவர். அவர்களுடைய சிறைகளுக்குள் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகள் திரும்பவே இல்லை. அவர்களுக்கும் கட்டளையிட நன்றாகத்தான் தெரிந்திருந்தது. உங்களுக்கு வேண்டியது நாடு உருப்படுவதா, இல்லை யாராவது வந்து எல்லாரையும் அதட்டி உட்காரவைப்பதா? இந்த ஆசை படித்தவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மன்னியுங்கள், ஆனால் திரும்பப் பெற மாட்டேன்.

அப்புறம் உங்கள் மகன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவன் என்ன நினைக்கிறான் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

கார்ட்டர் கடற்படைக்குப் போனது அப்பா முடிவு செய்ததால் அல்ல. அவருக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார். கடற்படையில் சாதாரண மாலுமி. பசிபிக் துறைமுகங்களிலிருந்து அவர் அனுப்பிய தபால் அட்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான், ஜார்ஜியாவில் கடலையே காணாத ஊரில் இருந்த பையனுக்குக் கப்பல் ஆசை வந்தது. தட்டைப் பாதம் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, கோக்க கோலா பாட்டிலைத் தரையில் போட்டு அதன்மேல் பாதத்தை உருட்டிக்கொண்டிருந்தான். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை.

அதே கார்ட்டர் பெரியவரான பிறகு நீங்கள் செய்வதைத்தான் தன் மனைவிக்குச் செய்தார். 1953-இல் அப்பா புற்றுநோயில் கிடந்தபோது ஊருக்குப் போனார். ஊரார் ஒவ்வொருவராக வந்து, அப்பா தங்களுக்குச் சத்தமில்லாமல் செய்த உதவிகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கப்பலில் நான் எவ்வளவு உயரம் போனாலும் இந்த வாழ்க்கைக்கு ஈடாகுமா என்று அவருக்குத் தோன்றியது. வேலையை விட்டார். அந்த முடிவின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோசலினுக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. அப்போது அவர்கள் குடியிருந்த ஷெனெக்டடியிலிருந்து ஊர் வரும்வரை காரில் அவரோடு முகம் கொடுத்தே பேசவில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால்கூட, மூத்த மகனிடம் "அப்பாகிட்ட சொல்லு" என்பார். 1962-இல் மாநில செனட்டுக்கு நிற்க முடிவு செய்த அன்றும், காலையில் நல்ல பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியவரைப் பார்த்து "எங்கே போறீங்க" என்று ரோசலின் கேட்ட பிறகுதான் விஷயத்தையே சொன்னார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி இருந்தேன் என்று வயதான காலத்தில் அவரே வருந்தியிருக்கிறார். 77 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்றால், இடையில் எங்கோ கேட்கக் கற்றுக்கொண்டார் என்றுதானே பொருள்.

உங்கள் மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காராமல், அவனே எழுதட்டும். கடற்படை, கால்பந்து, கணினி, எதைப் பற்றி எழுதினாலும் பதில் போடுவேன். அவனுக்கு விருப்பமிருந்தால் ஒரு நாள் இங்கே வரட்டும். மோட்டார் பைப் இப்போதும் கசிகிறது, ஸ்பேனரும் தயாராக இருக்கிறது.

அன்புடன்.